மன்னார் பிரிவின் ஐந்து எதிராளிகளும் ஒரே ஒரு ட்ரிபிள் கேப்டனும்

இங்கிலாந்துப் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் ஃபேன்டசி பிரீமியர் லீக். ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு அதன் 2025–26 பருவத்தின் முதல் வாரக் கதவு சாத்தப்படுகிறது. ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் போர்ன்மவுத்தும் மோதும் தொடக்க ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்குத்தான் என்றாலும், விதிப்படி முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடங்கள் முன்னதாகவே அணியை உறுதிசெய்துவிட வேண்டும். அதற்குள் நான் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். 100 மில்லியன் பவுண்டுக்குள் 15 பேரைச் சேர்க்கும்போது லிவர்பூலின் முகமது சலா, மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் ஆகிய இருவரையும் வாங்குவதா, ஒருவரை மட்டும் வாங்குவதா, இருவரையும் விட்டுவிட்டுப் பணத்தைப் பரவலாகச் செலவிடுவதா என்பது முதலாவது. கேப்டனாகக் குறித்த வீரரின் புள்ளியை ஒரு வாரம் மட்டும் இரட்டிப்புக்குப் பதில் மும்மடங்காக்கும் சலுகையை ட்ரிபிள் கேப்டன் சிப் என்பார்கள்; பருவத்தின் முதல் பாதிக்கெனக் கிடைக்கும் ஒரே ஒரு சிப்பை எந்த எதிராளிக்கு எதிராக எடுப்பது என்பது இரண்டாவது. இவற்றுக்கான விடையில் பாதி வீரர்களின் விலைப்பட்டியலில் இருக்கிறது. மீதி எங்கள் பிரிவில் இருக்கும் ஐந்து பேரின் குணத்தில் இருக்கிறது.

எங்கள் போட்டியில் ஆடுவோர் பன்னிரண்டு பேர். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். பாக் பிரிவு, மன்னார் பிரிவு என இரண்டாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பாக் நீரிணையில் தொழில் செய்யும் ராமேசுவரம் அண்ணன் நான் இருக்கும் மன்னார் பிரிவில் வந்து விழுந்தார். எல்லை தாண்டியதாக வழக்குப் போட்டுவிடாதீர்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஒவ்வொரு பிரிவிலும் ஆறு பேர் வாரம் ஒருவரோடு நேருக்கு நேர் மோதுவோம். வென்றவருக்கு 3 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1 புள்ளி. ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும். 35 வாரங்களில் ஒவ்வொருவரையும் ஏழு முறை சந்தித்திருப்போம். பிரிவுக்கு முதல் இருவர் அரையிறுதிக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் மூன்று வாரங்களில் அரையிறுதியும் இறுதியும் நடந்து முடியும். யாரும் பணம் கட்டுவதில்லை. கடைசி இடத்தில் இருப்பவர் மற்றவர்களுக்கு விளமீன் குழம்போடு ஒரு வேளைச் சோறு போட வேண்டும் என்பதே பந்தயம். மீன் விலையை நினைத்தால் அதுவும் சிறிய பந்தயம் இல்லை.

உலகம் முழுவதும் ஆடும் இலட்சக்கணக்கானவர்களோடு மொத்தப் புள்ளியில் போட்டியிடுவதும், ஒரு வாரத்துக்கு ஒரே ஒருவரோடு மோதுவதும் வெவ்வேறு ஆட்டங்கள் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நேருக்கு நேர் மோதலில் இருவர் அணியிலும் இருக்கும் வீரர் எத்தனை கோல் அடித்தாலும் தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடை ஏறியதாகவே கணக்கு. அவர் ஆட்டத்தை யார் பக்கமும் சாய்ப்பதில்லை. என்னிடம் இருந்து அவரிடம் இல்லாதவர்களும், அவரிடம் இருந்து என்னிடம் இல்லாதவர்களும், கேப்டனாக யார் யாரை வைத்தோம் என்பதுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. எதிராளி இந்த வாரம் எடுத்த முடிவு கதவு சாத்திய பிறகே தெரியும். அதற்கு முன் பார்க்கக் கிடைப்பது அவருடைய சென்ற வார அணி மட்டும்தான். முதல் வாரத்தில் அதுவும் கிடையாது. ஆகவே ஆளின் பழக்கத்தை வைத்துத்தான் அணியை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். சலா 14.5 மில்லியன், ஹாலண்ட் 14 மில்லியன். இருவரையும் எடுத்தால் 28.5 போய், மீதி 13 பேருக்கு 71.5 மில்லியன் மிஞ்சும். தலைக்குச் சராசரி 5.5. சலாவை மட்டும் எடுத்தாலும் ஹாலண்டை மட்டும் எடுத்தாலும் மீதி 14 பேருக்குத் தலைக்கு ஏறத்தாழ 6.1 கிடைக்கும். இருவரையும் விட்டால் 15 பேருக்கும் சராசரி 6.7 வரை வரும். செல்சீயின் கோல் பால்மர் 10.5, ஆர்சனலின் புகாயோ சாகா 10 என்று அடுத்த வரிசைக்காரர்களை ஒன்றாகச் சேர்க்கலாம். காகிதத்தில் இது அழகாகத்தான் இருக்கிறது. எனினும் இந்தக் கடைசி வழியை நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. எதிராளி சலாவைக் கேப்டனாக வைத்து, என்னிடம் சலா இல்லாமல் போனால், அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் நான் 10 புள்ளி பின்தங்குவேன். ஏனெனில் நடுக்கள வீரரின் கோலுக்கு 5 புள்ளி, கேப்டனுக்கு அது இரட்டிப்பு. என்னிடம் சலா சாதாரண வீரராக இருந்தால் அந்தப் பின்னடைவு 5 ஆகக் குறையும்; நானும் அவரையே கேப்டனாக்கினால் பூஜ்யம். 2024–25 பருவத்தில் 38 ஆட்டங்களிலும் களமிறங்கி 29 கோல் அடித்து, 18 கோலுக்குத் துணை நின்று, ஃபேன்டசியில் 344 புள்ளி எடுத்தவர் அவர். ஒரே பருவத்தில் எந்த வீரரும் அதுவரை எடுக்காத எண்ணிக்கை அது. முந்தைய உச்சமான 303 புள்ளியும் 2017–18இல் அவரே எடுத்ததுதான். இப்படிப்பட்டவரை வாங்காமல் விடுவது துணிச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அதை வாரா வாரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது என்பேன்.

ஹாலண்டின் கணக்கு வேறு வகையானது. 2022–23இல் 36 கோல் அடித்து லீக் சாதனை படைத்த அவர், 2024–25இல் 31 ஆட்டங்களில் 22 கோல் அடித்தார்; மார்ச் இறுதியில் கணுக்காலில் காயம்பட்டுச் சில வாரங்கள் வெளியே இருந்தார். முன்கள வீரர் என்பதால் கோலுக்கு 4 புள்ளிதான். அணி கோல் வாங்காமல் ஆடினால் நடுக்கள வீரருக்குக் கிடைக்கும் 1 புள்ளியும் அவருக்குக் கிடையாது. புள்ளிக்குப் புள்ளி வைத்துப் பார்த்தால் சலாவே மேல். ஆனால் என் எதிராளிகளில் எத்தனை பேர் அவரை வைத்திருப்பார்கள் என்று கேட்டால் கணக்கு திரும்புகிறது. எதிராளியிடம் இல்லாத ஹாலண்டை நான் கேப்டனாக வைத்திருந்தால் அவருடைய ஒவ்வொரு கோலும் எனக்கு 8 புள்ளி முன்னிலை தரும். எல்லோரிடமும் இருக்கும் சலா எனக்குக் கேடயம். பாதிப்பேரிடம் மட்டும் இருக்கும் ஹாலண்ட் எனக்கு வாள். இந்த ஒப்புமை எல்லா எதிராளிக்கும் பொருந்துமா என்பதைத்தான் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்.

முதல் வாரத்தில் நான் சந்திப்பது கீழக்கரைக் காக்காவை; காக்கா என்றால் அங்கே அண்ணன். துபாயில் வேலை பார்ப்பவர். நமக்கு இரவு 11 மணி என்றால் அவருக்கு 9.30. கடையை அடைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்து, நிதானமாக அணியைத் திருத்தும் நேரம் அது. நாம் கண் எரிய விழித்துப் பார்க்கும் ஆட்டங்களை அவர் முன்னிரவிலேயே பார்த்துவிடுவார். யார் களைத்திருக்கிறார், யார் இடம் மாறி ஆடுகிறார் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணால் கண்ட செய்தி, நமக்குப் படித்தறிந்த செய்தி. இந்த வசதியெல்லாம் இருந்தும் அவரைச் சரித்துவிடும் ஒரே பலவீனம் லிவர்பூல் மீதான பாசம். ஓர் அணியிலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற விதி இல்லாவிட்டால் அவர் பதினொரு பேரையும் அங்கிருந்தே எடுத்துவிடுவார். இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் ஃப்ளோரியன் வீர்ட்ஸ், ஹூகோ எகிடிகே ஆகியோரில் ஒருவரையாவது சேர்ப்பார் என்பதும், சலாவே கேப்டன் என்பதும் எனக்கு உறுதி. லிவர்பூலுக்கு மூவர் எனத் தீர்மானித்த பிறகு ஹாலண்டுக்கு 14 மில்லியன் ஒதுக்க அவருக்கு மனம் வராது. ஆகவே காக்காவுக்கு எதிராக இருவரையும் வைத்திருக்கும் வடிவமே சிறந்தது: அவருடைய பெரிய ஆயுதத்தைச் சமன்செய்துவிட்டு, அவரிடம் இல்லாத ஒன்றை நான் கையில் வைத்திருப்பேன். லிவர்பூலின் முதல் ஐந்து ஆட்டங்களில் நியூகாசில் மைதானமும் ஆர்சனல் வருகையும் இருப்பதால், இரண்டாம் மூன்றாம் வாரங்களில் அவரைச் சந்திப்பவர்களுக்கு வேலை எளிது. எனக்கு வாய்த்ததோ போர்ன்மவுத்துக்கு எதிரான வாரம்.

இரண்டாம் வாரம் தங்கச்சிமடத்து மச்சான். இவரைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஆர்சனல் ரசிகர்; டாட்டன்ஹாம் வீரர் ஒருவரைக்கூடத் தம் அணியில் சேர்க்காதவர்; மாதம் ஒருமுறை அணியை மறந்துவிடுபவர். 9 மில்லியனுக்கு வந்திருக்கும் விக்டர் யோகெரஸ், 6 மில்லியன் கேப்ரியல், கோல்கீப்பர் டேவிட் ராயா என்று மூன்று இடத்தை அவர் இப்போதே நிரப்பியிருப்பார். இதில் ஆபத்தானது யோகெரஸ் இல்லை, அந்தப் பின்வரிசைதான். சென்ற பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவாக, 34 கோல் மட்டும் வாங்கிய அணி ஆர்சனல். கோல் வாங்காத ஆட்டத்துக்குத் தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் தலைக்கு 4 புள்ளி என்பதால் ஒரே ஆட்டத்தில் எட்டுப் புள்ளி சத்தமில்லாமல் ஏறிவிடும். முதல் வாரம் மான்செஸ்டர் யுனைடெட் மைதானம், மூன்றாம் வாரம் லிவர்பூல் மைதானம், ஐந்தாம் வாரம் மான்செஸ்டர் சிட்டி எனக் கடினமான வரிசைக்கு நடுவே, புதிதாக மேலேறி வந்த லீட்ஸைச் சொந்த மைதானத்தில் சந்திக்கும் இரண்டாம் வாரம் பார்த்து நான் அவரிடம் மாட்டியிருக்கிறேன். அந்த வாரம் தோற்றாலும் வியப்பில்லை. ஏழு சந்திப்பில் நான்கையாவது வெல்லலாம் என்பது என் மதிப்பீடு. அவருக்கு எதிராக எந்த வடிவம் என்பதைவிட, என் அணியிலும் ஓர் ஆர்சனல் தடுப்பாட்டக்காரர் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

மூன்றாம் வாரத்து ஏர்வாடித் தம்பி கல்லூரி மாணவர். எங்கள் பிரிவில் இவரைப் போல ஒரு வாரம் வானத்துக்கும் மறு வாரம் பாதாளத்துக்கும் போகிறவர் வேறில்லை. வாரம் ஒரு மாற்றம் இலவசம். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளி கழியும். தம்பி கூசாமல் மூன்று மாற்றம் செய்வார்; அதாவது 8 புள்ளி பின்தங்கிய நிலையில்தான் வாரத்தையே தொடங்குவார். அது ஒரு முன்கள வீரரின் இரண்டு கோலுக்குச் சமம். பிறகு ஏன் அவரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்றால், மற்றவர்களுக்கு முன்பே ஆளைப் பிடிக்கும் கண் அவருக்கு உண்டு. 2023–24 பருவத்தில் 5 மில்லியனுக்குக் கிடந்த கோல் பால்மர் செப்டம்பர் முதல் நாள் செல்சீக்கு மாறி, அந்தப் பருவத்தை 22 கோலும் 244 புள்ளியுமாக ஃபேன்டசியின் முதலிடத்தில் முடித்தார். நாங்கள் எல்லோரும் பால்மரை வாங்கியபோது தம்பி அவரை வைத்துச் சில வாரங்கள் சம்பாதித்து முடித்திருந்தார். சென்ற பருவத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் உட் 20 கோல் அடித்தபோதும் அதே கதை. இவரிடம் இந்த ஆண்டு சலா இருப்பாரா, ஹாலண்ட் இருப்பாரா என்று ஊகிப்பதே வீண். திங்களன்று இருப்பவர் வெள்ளியன்று இருக்க மாட்டார். இப்படிப்பட்டவருக்கு எதிராகச் செய்யத்தக்கது ஒன்றே: வலுவான அணியை வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. அவர் பாய்ந்து ஆடட்டும். பத்து வாரத்தில் ஆறு வாரம் அவரே தம் வலையைக் கிழித்துக்கொள்வார்.

நான்காம் வாரத்தில் வரும் ராமேசுவரம் அண்ணனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இவரைத்தான் நான் இத்தனை நாளும் தவறாக எடைபோட்டிருந்தேன். விசைப்படகு வைத்திருப்பவர். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பி மறுநாள் காலையில் கரை திரும்புவது வழக்கம். சனிக்கிழமை முதல் ஆட்டம் இங்கிலாந்தில் பகல் 12.30க்கு என்றால், கோடைக்கால நேரத்தில் நமக்கு மாலை 5 மணி. அணியை உறுதிசெய்யும் கடைசி நேரம் பிற்பகல் 3.30. அந்த நேரத்தில் அண்ணன் கைப்பேசி அலை எட்டாத கடலில் இருப்பார். ஆகவே கடைசி நேரச் செய்தி எதுவும் அவருக்குக் கிடைக்காது, அது நமக்குச் சாதகம் என்றே நானும் மற்றவர்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உண்மையில் அவர் இழப்பது மிகக் கொஞ்சம். அதிகாரபூர்வமான ஆடும் பதினொருவர் பட்டியல் ஆட்டத்துக்கு 75 நிமிடம் முன்னதாகத்தான் வெளியாகிறது. கதவோ 90 நிமிடம் முன்பே சாத்தப்படுகிறது. கரையில் இருக்கும் நமக்கும் அந்தப் பட்டியல் பயன்படுவதில்லை. யாருக்குக் காயம், யார் தேறிவிட்டார் என்று மேலாளர்கள் சொல்லும் செய்தியாளர் சந்திப்புகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிந்துவிடுகின்றன. படகு கிளம்பும் முன் அவற்றை அவர் படித்துவிடுகிறார். அவர் தவறவிடுவது, கடைசி அரை மணி நேரத்தில் கைக்குக் கை பரவும் வதந்திகளை மட்டுமே. அந்த வதந்திகளை நம்பி நான் கேப்டனை மாற்றிய வாரங்களில் பட்ட அடியைக் கணக்கிட்டால், கடலில் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

மேலும், திருத்த முடியாது என்று தெரிந்தே அவர் அணியை அமைக்கிறார். களமிறங்காத வீரருக்குப் பதிலாகப் பெஞ்சில் இருப்பவர் தானாக உள்ளே வருவார் என்பதால், மற்றவர்கள் நான்கு மில்லியனுக்கு ஆடாத ஆளைப் போட்டு நிரப்பும் பெஞ்சில் அவர் வாரா வாரம் ஆடுகிறவர்களையே வைத்திருப்பார். சென்ற ஆண்டிலிருந்து ஐந்து இலவச மாற்றங்கள் வரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றானதும் அவருக்குத்தான் மிகவும் வாய்த்தது; மாதம் ஒருமுறை உட்கார்ந்து மூன்று நான்கு மாற்றங்களைக் கழிவில்லாமல் செய்துவிடுகிறார். பெஞ்சுக்குப் பணம் போடுகிறவரால் 28.5 மில்லியனை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது என்பதால், அவரிடம் சலா, ஹாலண்ட் இருவரில் ஒருவர்தான் இருப்பார். பழக்கத்தை வைத்துப் பார்த்தால் 38 ஆட்டமும் ஆடுகிற சலாவாகவே இருக்கும். அவருக்கு எதிராக என்னுடைய இருவர் வடிவம் மேலே வலுவாகவும் கீழே ஓட்டையாகவும் இருக்கும். யாருக்கும் காயமில்லாத வாரத்தில் நான் வெல்லலாம். இரண்டு பேர் ஆடாமல் போகும் வாரத்தில் அவரே வெல்வார். டிசம்பரில் ஆட்டங்கள் நெருங்கி வந்து மேலாளர்கள் ஆளை மாற்றி மாற்றி இறக்கும்போது அந்த இரண்டாம் வகை வாரங்களே அதிகம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுதுபார்த்து வர்ணம் பூசும் அந்த நாள்களில்தான் இங்கிலாந்துப் பருவத்தின் கடைசி வாரங்களும் எங்கள் அரையிறுதி, இறுதி ஆட்டங்களும் வருகின்றன. ஆண்டு முழுக்கக் கடலில் இருந்தவர் அப்போதுதான் முழு நேரமும் கரையில் இருப்பார். அவரை மே மாதத்தில் சந்திக்க எனக்கு விருப்பமில்லை.

ஐந்தாம் வாரம் பெரியபட்டினத்துக் கணக்காசிரியர். இவர் அணியைப் பார்த்தால் என் அணியைக் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும்; பதினைந்தில் ஒன்பது பத்துப் பேர் ஒன்றாகவே இருப்பார்கள். பெரும்பாலோர் யாரை வைத்திருக்கிறார்களோ அவர்களை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் நான்கைந்து இடங்களில்தான் தம் கணக்கைக் காட்டுவார். இந்தப் பருவத்தில் புதிதாக வந்திருக்கும் தடுப்புப் பங்களிப்பு விதியை எங்களில் முதலில் உள்வாங்கியவரும் அவரே: ஒரே ஆட்டத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் பந்தை வெளியேற்றுதல், மறித்தல், இடைமறித்தல், பறித்தல் எல்லாம் சேர்த்துப் பத்து முறை செய்துவிட்டால் 2 புள்ளி, நடுக்கள, முன்கள வீரர்களுக்குப் பந்தை மீட்டதையும் சேர்த்துப் பன்னிரண்டு முறை. அணி கோல் வாங்கினாலும் இந்த 2 புள்ளி போகாது என்பதால், எவர்ட்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி போல அடிவாங்கும் அணியில் நின்று நாள் முழுக்கப் பந்தை உதைத்து வெளியேற்றுகிறவர்கள் இனி விலைபோவார்கள் என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டார். அவரும் சலாவையும் ஹாலண்டையும் சேர்த்தே எடுப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவருக்கு எதிராக என் வாளும் கேடயமும் இரண்டும் மழுங்கிவிடும். வெற்றி தோல்வி மூன்று நான்கு புள்ளிகளில்தான் அமையும்.

ஐவரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், சலாவும் ஹாலண்டும் சேர்ந்த வடிவம் காக்காவுக்கும் மச்சானுக்கும் எதிராகத் தெளிவாகப் பயன்படுகிறது. ஆசிரியருக்கு எதிராக நான் பின்தங்காமல் காக்கிறது. தம்பிக்கு எதிராக எந்த வடிவமும் ஒன்றுதான். ராமேசுவரம் அண்ணன் ஒருவருக்கு எதிராகவே அது என்னைப் பலவீனமாக்குகிறது. சலா மட்டும் என்ற வடிவம் அண்ணனுக்கு எதிராகச் சமநிலை தந்தாலும், ஆசிரியருக்கு எதிராக ஹாலண்ட் இல்லாமல் நிற்க வைத்துவிடும். ஹாலண்ட் மட்டும் என்பது சலாவைக் கேப்டனாக்கும் மூன்று பேருக்கு எதிரே, கோலுக்குப் பத்துப் புள்ளி என்ற அந்தப் பழைய பள்ளத்தில் தள்ளிவிடும். எனக்கு முதலிடம் கட்டாயமில்லை, முதல் இரண்டு இடங்களில் ஒன்று போதும் என்பதால், ஒருவரிடம் சற்று இறங்கிப் போய் மற்ற நால்வரிடம் தலைநிமிரும் வடிவத்தையே தேர்ந்தெடுக்கிறேன். இது டிசம்பர் வரைக்கும்தான். ஆப்பிரிக்கக் கோப்பை டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை மொராக்கோவில் நடப்பதால் எகிப்து வீரரான சலா அந்த வாரங்களில் லிவர்பூலுக்கு ஆட மாட்டார். அதை ஈடுகட்ட 16ஆம் வாரத்தில் எல்லோருடைய இலவச மாற்றங்களும் ஐந்தாக உயர்த்தப்படும். அப்போது சலாவின் 14.5 மில்லியனை உடைத்து என் பெஞ்சை அண்ணனின் பெஞ்சு போல மாற்றிக்கொள்வேன். வடகிழக்குப் பருவக்காற்றில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் நாள்களில் அவரும் ஓய்வாகத்தான் இருப்பார்.

இனி ட்ரிபிள் கேப்டன். இந்தப் பருவத்தில் வைல்ட்கார்டு, ஃப்ரீ ஹிட், பெஞ்ச் பூஸ்ட், ட்ரிபிள் கேப்டன் என்ற சிப்புகள் நான்கும் பாதிக்கு ஒன்றாக இரண்டு முறை கிடைக்கின்றன. முதல் தொகுதியை 19ஆம் வாரக் கதவு சாத்துவதற்குள் எடுத்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் வீண். மொத்தப் புள்ளிக்காக ஆடுகிறவர்கள் எந்த வாரம் அதிகக் கோல் விழும் என்று மட்டும் பார்ப்பார்கள். நேருக்கு நேர் ஆட்டத்தில் 1 புள்ளியில் வென்றாலும் 40 புள்ளியில் வென்றாலும் கிடைப்பது அதே 3 புள்ளிதான் என்பதால், எப்படியும் வெல்லக்கூடிய வாரத்தில் சிப்பை எடுப்பது நிரம்பிய குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. பலமான எதிராளிக்கு எதிராக எடுக்க வேண்டும் என்று முதலில் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் சென்ற ஆண்டு தம்பிக்கு எதிராக எடுத்தேன். அவருக்கும் எனக்கும் நடுவே அந்த வாரம் முப்பது புள்ளிக்கு மேல் இடைவெளி விழுந்தது. சிப் தந்த பத்துப் புள்ளி அந்த வெள்ளத்தில் போன இடம் தெரியவில்லை. எதிராளியின் அணி என் அணியிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு அகலமாக இடைவெளி ஊசலாடும். அங்கே பத்துப் புள்ளிக்கு மதிப்புக் குறைவு. இரண்டு அணிகளும் ஒன்றுபோல இருந்தால் இடைவெளி குறுகலாக இருக்கும். அங்கே பத்துப் புள்ளி கிட்டத்தட்ட வெற்றியையே கையில் கொடுத்துவிடும். ஆகவே சிப் பெரியபட்டினத்து ஆசிரியருக்குத்தான்.

அவரைச் சந்திக்கும் 5, 10, 15 ஆகிய மூன்று வாரங்களில் எது என்பதே மிச்சம். ஐந்தாம் வாரம் லிவர்பூல் தன் மைதானத்தில் எவர்ட்டனைச் சந்திக்கிறது; உள்ளூர் மோதல், வரவேற்கத்தக்க அளவுக்குக் கோல் விழும் என்ற உறுதியில்லை. அதே வாரம் சிட்டி ஆர்சனல் மைதானத்துக்குப் போகிறது. 15ஆம் வாரம் சிட்டிக்குச் சொந்த மைதானத்தில் சண்டர்லாந்து. பார்க்கக் கவர்ச்சியானது, ஆனால் அது வார நடுவிலும் ஆட்டம் நடந்து முடிந்த கையோடு வரும் டிசம்பர் வாரம். ஹாலண்டை அறுபதாம் நிமிடத்தில் உட்கார வைத்தால் மும்மடங்கு ஆசை முக்கால்வாசியில் நின்றுவிடும். பத்தாம் வாரம் சிட்டி சொந்த மைதானத்தில் போர்ன்மவுத்தைச் சந்திக்கிறது. டீன் ஹூய்சென் ரியல் மாட்ரிட்டுக்கும், மிலோஷ் கெர்கெஸ் லிவர்பூலுக்கும், இல்யா சபார்னி பாரிசுக்கும் போய்விட, சென்ற ஆண்டுப் பின்வரிசையில் மூன்று தூண்களை இழந்து நிற்கும் அணி அது. வலை கிழிந்த படகு நவம்பருக்குள் புது வலை கட்டிவிடலாம்தான். இருந்தாலும் மூன்றில் இதையே எடுப்பேன். ஆசிரியரும் இதே கணக்கைப் போட்டு அதே வாரம் அதே ஆளுக்கு அதே சிப்பை எடுத்தால் இருவருடையதும் வீணாகும். அதைத் தவிர்க்க, ஒன்பதாம் வாரம் முடிந்ததும் அவர் தம் சிப்பை ஏற்கெனவே எடுத்துவிட்டாரா என்று பார்த்துக்கொள்வேன். எடுக்கவில்லை என்றாலும் மனம் மாற மாட்டேன், ஏனெனில் அவர் எடுத்து நான் எடுக்காமல் இருப்பதே எல்லாவற்றிலும் மோசமானது.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். அக்டோபர் இறுதியில் இங்கிலாந்து கடிகாரம் மாறும்போது நமக்கு எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், அதில் நட்டமில்லை. மார்ச் இறுதியில் அது மறுபடியும் முன்னால் வந்துவிடும். சனிக்கிழமை 4.30 என்று பழகிய கை 3.30ஐ மறந்துவிட, பழைய அணியோடே ஒரு வாரம் மாட்டிக்கொண்டவன் நான். அன்று என் எதிராளி மச்சான். அவரும் அணியை மறந்திருந்ததால் தப்பித்தேன்.

முதல் வாரத்துக்கு வருகிறேன். ஹாலண்ட், மதேயுஸ் குன்யாவையும் ராயன் ஐத்-நூரியையும் இழந்த வுல்வ்ஸ் மைதானத்துக்குப் போகிறார். தாம் ஆடிய மூன்று பருவத் தொடக்கங்களிலும் கோல் அடித்தவர் என்பதால் அவரைக் கேப்டனாக்கும் ஆசை பெரிது. சலாவோ தொடக்க வாரங்களில் மட்டும் 9 கோல் அடித்து அந்த வகையில் லீக்கிலேயே முதலிடத்தில் இருப்பவர், எதிரே நிற்பது அதே போர்ன்மவுத். எதிராளி வேறு யாராக இருந்தாலும் நான் தயங்கியிருப்பேன். காக்காவின் கேப்டன் யார் என்பது துபாயிலும் கீழக்கரையிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், கேப்டன் சலா, துணைக் கேப்டன் ஹாலண்ட் என்று குறித்துவிட்டேன். வெள்ளி இரவு சலா எத்தனை அடித்தாலும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். சனிக்கிழமை இரவு ஹாலண்ட் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் நான்கு புள்ளி எனக்கு மட்டும். மச்சானுக்காக ஆர்சனல் பின்வரிசையிலிருந்து ஒருவரைச் சேர்த்தாயிற்று. பெஞ்சின் கடைசி இடத்தில் 4 மில்லியனுக்கு பர்ன்லி ஆளைப் போடுவதா வேறு யாரையாவது போடுவதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கீழ்நிலை லீக்கில் 46 ஆட்டத்தில் 16 கோல் மட்டுமே வாங்கி மேலேறி வந்த அணி என்றாலும் அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்கிறார் ஆசிரியர், அவரும் அதே ஆளைத்தான் எடுக்கப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம்.